விதைநெல்லும் வீட்டு உலையும்

1942ஆம் ஆண்டிலே பர்மா யப்பானியர் கைப்பட்டபோது, உண்ணும் அரிசியிற் பெரும்பகுதியைக் கடல்கடந்து பெற்றுவந்த இலங்கை திகைத்து நின்றது. பங்கீட்டு அரிசியை நம்பியே பல வீடுகளில் உலை ஏறிற்று. உழவன் வீடோ இன்னொரு சோதனையையும் அறியும். விளைவு பொய்த்த ஆண்டில் விதைநெல்லையே குற்றி உண்ணவேண்டும். உண்டபின், அடுத்த போகத்துக்குக் கடன்பட்டே விதை தேடவேண்டும்.

குருநாகலுக்கு அணித்தான பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்தில், நம் நாட்டு முருங்கக்காயன் 302ஐயும் இந்தோனேசியாவின் மாஸ் இனத்தையும் கலந்து உருவாக்கிய எச்-4 என்னும் நெல், 1958ஆம் ஆண்டிலே உழவர் கைக்கு வந்தது. எரிபந்த நோய் அதனை எளிதில் வீழ்த்தவில்லை. பழைய இனங்களிலும் விளைவு மிகுந்தது. அரிசியோ நாவுக்குப் பழகிய சிவப்பு. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருக்கொள்வதாதலின், விளைந்ததில் ஒரு பகுதியை உழவனே விதைக்கென எடுத்துவைக்கவும் முடிந்தது. இச்சிறப்பு அதிகம் பேசப்படுவதில்லை.

குறையும் உண்டு. உயர்ந்து வளரும் எச்-4, உரம் மிகுந்தால் சாய்ந்துவிடும். 1970களில் பரவிய குட்டை நெல்லினங்கள் அவ்வாறு சாயவில்லை. ஆனால் உரமும் நீரும் தவறாது கேட்டன. குளம் வற்றிய ஆண்டிலே, உரத்தைக் கடனாக வாங்கியவன் விளைந்த சிறிதளவு நெல்லையும் களத்திலேயே அளந்து கொடுக்க நேர்ந்தது.