வருவாய்த் தலைப்புகளும் குற்றப் பிரிவுகளும்: ஜவ்வாது மலையிலிருந்து ஒரு வாசிப்பு

2021 ஆகஸ்ட் 9 அன்று தமிழக நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை குறித்து வெள்ளை அறிக்கை ஒன்றை வெளியிட்டார். மொத்தக் கடன் 5.70 லட்சம் கோடி ரூபாய். குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் குடும்பம் ஒன்றுக்கு 2,63,976 ரூபாய். பத்திரிகைகள் இந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. அறிக்கையில் உருப்படியான வேறு விஷயங்களும் இருந்தன, அவற்றை அதிகம் பேர் சீண்டவில்லை. இருக்கட்டும்.

இந்த வகுத்தலில் ஜவ்வாது மலையும் சேர்த்தி. ஜமுனாமரத்தூர்ப் பக்கமோ புதூர்நாட்டிலோ சாமை விதைத்து, புளியும் கடுக்காயும் பொறுக்கி விற்கிற ஒரு மலையாளிக் குடும்பத்தின் தலையிலும் அதே 2,63,976. (மலையாளி என்றால் இங்கே கேரளத்தவர் அல்லர், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகக் கதை சொல்லும் பழங்குடியினர்.) மலையில போய் இதைச் சொன்னா சிரிப்பாங்க. 'நாங்க எப்ப வாங்கினோம்?' என்று கேட்டால், அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சராசரி என்பது வெறும் கணிதமல்ல. எல்லோரையும் ஒரே மாதிரிக் கடனாளிகளாகக் கட்டமைக்கும் ஒரு சொல்லாடல் அது. யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

முதல் உலகப்போர் முடிகிற நேரத்தில், போர்க்கடனில் மூழ்கிக் கிடந்த ஆஸ்திரியாவை முன்வைத்து ஷும்பீட்டர் 'வரி அரசு' பற்றி எழுதினார் (1918). நவீன அரசும் வரியும் கூடவே பிறந்தவை, ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மற்றதைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் வாதம். ஜவ்வாது மலையை வைத்து இதோடு மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்: குற்றம். இங்கே அரசு புதிதாக ஒரு வருவாயைக் கண்டுபிடித்த ஒவ்வொரு முறையும், மலைக்காரர்கள் அதுவரை செய்துகொண்டிருந்த ஏதோ ஒன்று சட்டவிரோதமாகியிருக்கிறது.

மலையின் மேற்கு அடிவாரம் திருப்பத்தூர். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்த பாராமகாலின் பகுதி. ரீடும் மன்றோவும் ரயத்துவாரியைப் பழகிப் பார்த்தது அந்தப் பாராமகாலில்தான். நிலத்தை அளந்து, ஆளைப் பெயரிட்டு, தீர்வை கட்டுவது. சமவெளியில் இது செல்லுபடியாயிற்று. மலையில் அளப்பதற்கு வயலைவிடக் காடுதான் அதிகம். அதற்கு வேறு கருவி வேண்டியிருந்தது. 1882இல் மதராஸ் வனச்சட்டம் வந்தது. காடு 'ஒதுக்குக்காடு' ஆயிற்று. நான்கே ஆண்டுகளில், 1886இல், ஆப்காரிச் சட்டம். மரம் வெட்டுவதும் சாராயம் காய்ச்சுவதும் இப்படி அடுத்தடுத்துக் குற்றமாயின. அரசுக் கணக்கில் இந்த இரண்டும் இன்றும் தனித்தனித் தலைப்புகள்: 0406 வனம், 0039 ஆயத்தீர்வை. காவல்துறையின், வனத்துறையின் வழக்குப் பதிவேடுகளைப் புரட்டினால் இதே இரண்டு தலைப்புகள் வேறு பெயரில் இருக்கும்.

சந்தனத்தை எடுத்துக்கொள்வோம். பிற செடிகளின் வேரில் ஒட்டி உறிஞ்சி வளரும் மரம். கட்டையில் வைரம் ஏறி வாசனை பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். ஜவ்வாதுச் சந்தனம் திருப்பத்தூர் அரசுக் கிடங்குக்கு இறங்கி, தரம் பிரிக்கப்பட்டு, ஏலம் போயிற்று. பட்டா நிலத்தில் தானாக முளைத்ததானாலும் நிலத்துக்காரர் இஷ்டத்துக்கு வெட்டி விற்க முடியாது. ஏலப் பணம் வருவாய்க் கணக்கில் ஏறியது. ஆனால் மரம் போனதற்கான பற்று எந்தப் பக்கத்திலும் இல்லை. நம் அரசுக் கணக்கு ரொக்கக் கணக்கு. கையில் வந்த காசை எழுதும், காட்டில் குறைந்ததை எழுதாது. வீட்டு உத்தரத்தைப் பிடுங்கி விற்று அதைச் 'சம்பளம்' என்று குறித்துக்கொள்வது மாதிரி. இன்று 'நிதி நிலைத்தன்மை' பற்றிப் பேசுகிறவர்கள், 2003இல் நிதிப் பொறுப்புச் சட்டம் போட்டவர்கள் உட்பட, பற்றாக்குறையைச் சதவீதத்தில் அளந்தார்கள். மலையில் எத்தனை மரம் நிற்கிறது என்பது அந்த அளவுகோலுக்குள் வரவே இல்லை.

சாராயத்தின் கதை இன்னும் சிக்கலானது. பிரிட்டிஷ் மதராஸில் நிலவரிக்கு அடுத்த பெரிய வருமானங்களில் ஒன்று ஆப்காரி. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1938இல் சித்தூர், கடப்பை. 1939இல் வடஆர்க்காடு, அதாவது ஜவ்வாது மலையும். இழந்த வருவாயை ஈடுகட்ட அதே 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவில் அப்படியொரு வரி அதுதான் முதல். காங்கிரஸ் மந்திரிசபை அந்த ஆண்டே விலகியது. 1944இல் கவர்னர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விற்பனை வரியை யாரும் நிறுத்திவைக்கவில்லை. இது நம் நிதி வரலாற்றின் ஒரு நல்ல நகைச்சுவை. பதிலுக்கு வந்தது தங்கிவிட்டது. போனதும் திரும்பி வந்துவிட்டது. 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971இல் தளர்வு, மறுபடி விலக்கு, 1981இல் மறுபடி தளர்வு, 2003இல் சில்லறைக் கடையையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாநிலத்தின் கையில் மிஞ்சிய பெரிய பிடிகள் மதுவும் பெட்ரோல் டீசலும்தான். 2023-24இல் மது வழி வருவாய் 45,000 கோடியைத் தாண்டியது.

இதற்குள் மலைக்காரர் எங்கே? காய்ச்சினால் கைதி, கடையில் வாங்கிக் குடித்தால் வரி செலுத்துவோர். மலைமேல் ஊறல் பானைகளை உடைக்கும் காவலர், அரசின் ஒழுக்கத்தைக் காக்கிறாரா, ஏகபோகத்தைக் காக்கிறாரா? கள்ளச்சாராயம் ஆளைக் கொல்லும் என்பது உண்மை. 2024இல் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம். அதற்காகக் கேள்வி இல்லாமல் போய்விடாது. 'பழங்குடியினர் வரி கட்டுவதில்லை, அவர்களுக்குச் செலவுதான் ஆகிறது' என்று படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். மலையிலிருந்து இறங்கி வந்து வாங்கும் சோப்பிலும் பாட்டிலிலும் வரி இருக்கிறது. கடைக்காரர் ஜாதிச் சான்றிதழ் கேட்டா பில் போடுகிறார்?

இனி மலைக்கு வெளியே போகவேண்டியிருக்கிறது. 2014 ஜூனில் ஆந்திரம் பிரிந்தது. பற்றாக்குறையோடு பிறந்த புதிய மாநிலம், தேர்தலில் வாக்களித்த விவசாயக் கடன் தள்ளுபடிக்குப் பணம் தேடியது. தேடிய இடங்களில் ஒன்று செம்மரக் கிடங்கு. வெட்டப்பட்டுப் பிடிபட்ட செம்மரக் கட்டைகளை அந்த ஆண்டே உலகளாவிய மின்னேலத்தில் விட்டார்கள். கவனியுங்கள்: கடத்தலில் பிடிபட்ட கட்டைதான் அரசுக்குச் சரக்கு. வெட்டியவன் கையில் அது திருட்டு. கிடங்குக்குள் வந்ததும் வருவாய். சந்தனம் அருகிப்போன ஜவ்வாது மலையிலிருந்து, கோடாரி பிடிக்கத் தெரிந்த ஒரே காரணத்துக்காக, தரகர்கள் கூலிக்கு ஆள் பிடித்துச் சேஷாசலத்துக்கு ஏற்றிப்போனார்கள்.

2015 ஏப்ரல் 7 அன்று திருப்பதிக்கருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீசின் செம்மரத் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. தமிழக அரசு அறிவித்த நிவாரணம் ஆளுக்கு 3 லட்சம் ரூபாய். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த வெள்ளை அறிக்கையின் எண்ணை அதில் கழிப்பது தப்பான கணக்குதான், ரூபாயின் மதிப்பே மாறிவிட்டது. கழித்துத்தான் பார்த்தேன். மிச்சம் 36,024 ரூபாய்.