சலவைப் பொறியின் சிக்கனம்: நெய்வேலியில் ஒரு கணக்கு

நெய்வேலியின் நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருப்பது பள்ளி மாணவர் யாவரும் அறிந்த செய்தி. அந்த நிலக்கரிப் படிவத்துக்கும் கீழே, மணற்படுகைகளில், பெரும் அழுத்தத்துடன் நீர் அடைபட்டிருக்கிறது என்பதைப் பலர் அறியார். 1930-களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணற்றுக்காகத் துளையிட்டபோது, தண்ணீருடன் கரிய பொருள் ஒன்று வெளிவந்ததே இந்தத் தொழில் நகரின் தொடக்கக் கதை. 1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. 1961-இல் நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பு பொறியாளர்களைத் திகைக்க வைத்தது கரியன்று, நீர். மேலிருக்கும் மண்ணையும் கரியையும் அகற்றினால், கீழுள்ள நீர் சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலெழுந்துவிடும். ஆகவே சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து, இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணித்த வண்ணம் இருந்தால்தான் கரியை வெட்ட முடியும். இறைத்த நீரில் ஒரு பகுதி மின் நிலையங்களுக்கும் நகரியத்துக் குழாய்களுக்கும் போகிறது.

வாசகர்களே, சலவை இயந்திரத்தைப் பற்றிய கட்டுரையில் சுரங்கம் ஏன் வந்தது என்று கேட்பீர்கள். ‘உயர்திறன்’ என்ற அடைமொழியுடன் விற்கப்படும் சலவை இயந்திரம் நீரையும் மின்சாரத்தையும் ஒருங்கே மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்படுகிறது. நீரும் மின்சாரமும் ஒரே பள்ளத்திலிருந்து வருகிற ஊர் நெய்வேலி. அந்தக் கூற்றை நிறுத்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான தராசு கிடைப்பது அரிது. நிறுக்கும் முன், இந்தப் பொறி எப்படி வந்தது என்பதைக் காண்போம்.

துணி வெளுத்தல் ஒரு வேதியியல் தொழில். நம் ஊர்களில் வண்ணார் குடும்பங்கள் உவர்மண்ணைத் திரட்டி வந்து நீரில் கரைத்து, அழுக்குத் துணிகளை அதில் தோய்த்து, வெள்ளாவிப் பானையின் மேல் அடுக்கி இரவு முழுவதும் ஆவியில் வேக வைத்தனர். உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட்டு. காரமும் வெப்பமும் சேர்ந்தால் துணியிலுள்ள எண்ணெய்ப் பசை ஒருவகைச் சோப்பாக மாறி நீரோடு கழன்றுவிடும். சோப்புக் கட்டி வருவதற்கு நெடுங்காலம் முன்பே துணியிலேயே சோப்புத் தயாரிக்கும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்த அறிவுக்கு உரிய மதிப்பை ஊர் கொடுக்கவில்லை; அடித்துத் துவைத்த கைகளுக்குக் கூலியாகப் படி நெல்லும், பிடி சோறும், தெருவில் ஒதுக்கப்பட்ட ஓர் இடமுமே கிடைத்தன. பின்னர் 1959-இல் ‘சர்ஃப்’ வந்தது. 1969-இல் குசராத்தில் கர்சன்பாய் பட்டேல் தொடங்கிய ‘நிர்மா’ மலிவு விலையில் பரவியது. சலவை படித்துறையிலிருந்து வீட்டுக் கொல்லைக்கு நகர்ந்தது. நகர்ந்தபோது அந்த வேலை ஆண் பெண் இருவர் கையிலிருந்தும் மாறி, பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கைக்கே வந்து சேர்ந்தது. ஈரமான போர்வை ஒன்றைப் பிழிந்து பார்த்தவர்களுக்கு அது எத்தகைய வேலை என்று சொல்ல வேண்டியதில்லை. சலவைப் பொறியின் முதல் நன்மை இந்த உழைப்பைக் குறைத்ததே. எந்த நட்சத்திரச் சீட்டிலும் இது அச்சிடப்படுவதில்லை என்பது வேறு.

மேல்நாட்டில் 1851-இல் ஜேம்ஸ் கிங் என்பவரும், 1858-இல் ஹாமில்டன் ஸ்மித் என்பவரும் கையால் சுழற்றும் உருளைப் பொறிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். மின்னோடி பூட்டிய பொறிக்கு 1908-ஆம் ஆண்டின் ‘தோர்’ முன்னோடி என்றும், அதை வடிவமைத்தவர் ஆல்வா ஃபிஷர் என்றும் பல நூல்கள் எழுதுகின்றன. அதற்கு முன்பே மின்சாரப் பொறிகள் சந்தையில் இருந்தன. புகழ் மட்டும் ஃபிஷருக்குப் போயிற்று. 1937-இல் பெண்டிக்ஸ் நிறுவனம் முன்புறக் கதவுள்ள தானியங்கிப் பொறியை வெளியிட்டது. அதிர்வைத் தாங்கும் சுருள்வில் ஏற்பாடு அதில் இல்லாததால், அது நடந்து போய்விடாதபடி தரையில் மரையாணியிட்டு இறுக்க வேண்டியிருந்தது!

முன்கதவுப் பொறியின் தத்துவம் எளியது. உருளை படுக்கை நிலையில் மெல்லச் சுழல்கிறது. துணிகள் அதனுடன் மேலே ஏறி, உச்சியை நெருங்கும்போது நழுவிக் கீழே விழுகின்றன. துவைகல்லில் நாம் ஓங்கி அறைவதைப் பொறி சிறு அளவில் ஆயிரம் முறை செய்கிறது. துணி நீந்த வேண்டியதில்லை, நனைந்தால் போதும். மேல்வாய்ப் பொறியிலோ தொட்டி நிறைய நீர் இருந்து, துடுப்பு அதைக் கலக்க வேண்டும். துணி நீரில் மிதந்தால்தான் புரளும். நீர்ச் செலவில் உள்ள வேறுபாடு முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர் மேல்வாய்ப் பொறியையே விரும்பினர். அங்கே நீரும் எரிவாயுவும் மலிவு. ஐரோப்பாவில் முன்கதவுப் பொறி வேரூன்றியது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்காவும் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. 1997-இல் கன்சாஸ் மாநிலத்தில் பெர்ன் என்னும் சிற்றூரில் ஓர் அரிய சோதனை நடந்தது. மக்கள் தொகை ஏறத்தாழ 200. அரசின் ஆற்றல் துறையும் ஒரு தயாரிப்பு நிறுவனமும் சேர்ந்து, முதலில் அவ்வூராரின் பழைய பொறிகளின் செலவை அளந்தன. பின்னர் அவற்றை மாற்றி முன்கதவுப் பொறிகளைக் கொடுத்து மீண்டும் அளந்தன. சலவைக்கான நீர் 38 விழுக்காடும், ஆற்றல் 58 விழுக்காடும் குறைந்தன.

இந்த 58-ஐச் சற்று உற்று நோக்குங்கள். மின்னோடியில் மிச்சமானது அதில் சிறு பங்கே. பெரும் பங்கு வெந்நீரில் மிச்சமானது. குளிர்நாட்டில் வெந்நீரில் துவைப்பதே வழக்கம். 60 லிட்டர் நீரை 15 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடாக்க 2,100 கிலோ கலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரிக்குச் சமம். ஆக, ஏறத்தாழ இரண்டரை யூனிட். நீரைப் பாதியாக்கினால் செலவும் பாதி. அங்கே நீர்ச் சிக்கனமும் ஆற்றல் சிக்கனமும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

நம் நாட்டில் அப்படியில்லை. 1980-களில் இந்திய வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தது சப்பானிய வழிவந்த இரட்டைத் தொட்டிப் பொறி. ஒரு தொட்டியில் துவைத்து, ஈரத் துணியை எடுத்து மறு தொட்டியில் சுழற்ற வேண்டும். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டி.வி.எஸ். குழுமமும் அமெரிக்காவின் வேர்ல்பூல் நிறுவனமும் கூட்டாக, நெய்வேலிக்கு அண்மையிலுள்ள புதுச்சேரியில் தானியங்கிப் பொறி செய்யும் ஆலையை அமைத்தன. இரட்டைத் தொட்டி, மேல்வாய் ஆகிய இவ்விரு வகைகளிலும் நாம் பெரும்பாலும் துவைப்பது குழாயில் வரும் தண்ணீரில்தான். நம் குழாய் நீரே 30 பாகை இருக்கும். மின்னோடிக்கு மட்டும் மின்சாரம். ஒரு சலவைக்குக் கால் யூனிட்கூட ஆகாது.

இப்போது நெய்வேலிக் கணக்குக்கு வருவோம். வெப்பமூட்டி உள்ள முன்கதவுப் பொறி ஒன்றை வாங்கி, கையேட்டின் பரிந்துரைப்படி 60 பாகையில் துவைக்கிறீர்கள் என்று கொள்வோம். சூடேறும் நீர் 15 லிட்டர் என்றால், 30 பாகை உயர 450 கிலோ கலோரி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று மேல். நெய்வேலிக் கரி ஒரு கிலோ எரிந்தால் சுமார் 2,600 கிலோ கலோரி வெப்பம் தரும். அதில் பத்தில் மூன்று பங்கே மின்சாரமாகும். ஆக, ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கரி. உங்கள் ஒரு வெந்நீர்ச் சலவை அரைக் கிலோ கரியை விழுங்கிவிட்டது. குளிர்நீரில் துவைத்த பழைய இரட்டைத் தொட்டிக்கு அதில் பாதிகூடத் தேவைப்பட்டிராது. கன்சாஸில் ஆற்றலை மிச்சப்படுத்திய அதே பொறி, இங்கே கூடுதலாகச் செலவழிக்கிறது.

‘நீர் மிச்சமாயிற்றே’ என்பீர்கள். ஆம், சலவைக்கு 60 லிட்டர் மிச்சமென்றே வைத்துக்கொள்வோம். அந்த 60 லிட்டரை 100 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? எடையை உயரத்தால் பெருக்கி, நீரிறைப்பியின் திறன் பாதியென்று கொண்டால், ஒரு யூனிட்டில் முப்பதில் ஒரு பங்குதான்! வெப்பமூட்டி தின்றது இதைப்போலப் பதினாறு மடங்கு. மாணவர்கள் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

ஆனால் நீரின் விலை அதை இறைக்கும் மின்சாரத்தின் விலை மட்டுமன்று. இந்த வட்டாரத்தில் முன்னாளில் தாமாகவே பீறிட்டுப் பாய்ந்த ஊற்றுக் கிணறுகள் பல இருந்தன. சுரங்கமும் வேளாண்மையும் இடைவிடாது இறைத்ததில் அவை அடங்கிப்போயின. 2004-இல் வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் குழாய் போடப்பட்டது. வறட்சி ஆண்டுகளில் நெய்வேலிப் பகுதியின் நிலத்தடி நீரும் அந்த வழியே தலைநகருக்குப் போயிருக்கிறது. 2019 கோடையில் சென்னைத் தெருக்களில் லாரித் தண்ணீருக்குக் குடங்கள் காத்திருந்ததை நாடே பார்த்தது. அத்தகைய வீட்டில் 60 லிட்டர் என்பது நான்கைந்து குடம் தண்ணீர். அதை யூனிட்டாக மாற்றிப் பார்ப்பது இயற்பியல் ஆசிரியருக்குச் சரியாக இருக்கலாம். குடம் ஏந்தி நிற்பவருக்குச் சரியாகாது. ஆகவே என் தீர்ப்பு இது: முன்கதவுப் பொறியை வாங்குங்கள், வெப்பமூட்டியை அணைத்துவிடுங்கள். நோயாளியின் துணி, குழந்தையின் துணி, எண்ணெய்க் கறை இவற்றுக்கு மட்டும் வெந்நீர் போதும்.

குறைகளும் உண்டு. சாதாரணத் தூளைப் போட்டால் நீர் குறைவாக உள்ள உருளையில் நுரை பொங்கி மெத்தைபோல் நிற்கும். துணி விழும் வேகம் தணிந்து அழுக்கு போகாது. அதற்கென்று நுரை குறைந்த தூள் வாங்க வேண்டும், விலையும் கூடுதல். உப்புநீர் ஊர்களில் வெப்பமூட்டியின் மேல் சுண்ணாம்பு படியும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். அமெரிக்காவில் இந்த நாற்றத்துக்காக நீதிமன்ற வழக்குகளே நடந்தன. துவைத்து முடிந்ததும் கதவைத் திறந்து வைத்து, வளையத்தைத் துடைத்துவிட்டால் பெரும்பாலும் வராது. குழாயில் நீர் வராத நேரத்தில் பொறி வாளாவிருக்கும். இரட்டைத் தொட்டியிலோ வாளியால் ஊற்றிக்கொள்ளலாம். வெள்ளைத் துணி துவைத்த சோப்பு நீரிலேயே அடுத்துக் கால்சட்டைகளைப் போடலாம். இந்தப் பழைய பொறியைச் சிக்கனமற்றது என்று ஒதுக்குவோர், அதே சோப்பு நீர் இருமுறை உழைப்பதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடைசியாக, சுழற்றிப் பிழிதல். விற்பனையாளர் ‘நிமிடத்துக்கு 1,000 சுற்று’ என்று பெருமையாகச் சொல்வார். உருளையின் ஆரம் 24 செ.மீ. என்றால், விளிம்பிலுள்ள துணி புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 270 மடங்கு விசையை உணரும். இரட்டைத் தொட்டியின் சிறிய பிழியும் கூடைக்கு ஆரம் 12 செ.மீ.தான், ஆனால் அது 1,400 சுற்று சுற்றினால் கிடைப்பதும் ஏறத்தாழ அதே விசை. ஆரம் பாதியானால் விசை பாதி, வேகம் கூடினால் அதன் இருமடிப்படி விசை கூடும் என்பதை நினைவில் வைத்தால் இதில் வியப்பில்லை.

பிழிந்த பின்னும் 5 கிலோ துணியில் 3 லிட்டர் நீர் எஞ்சியிருக்கும். அதை ஆவியாக்க இரண்டு யூனிட் அளவு வெப்பம் வேண்டும். மேல்நாட்டில் இதை மின்சார உலர்த்தி கொடுக்கிறது. அதனால் அங்கே வேகச் சுழற்சி பெரிய சேமிப்பு. நெய்வேலியில் சித்திரை வெயில் இதை இரண்டு மணி நேரத்தில் இலவசமாகச் செய்துவிடும். வேகச் சுழற்சியின் அருமை தெரிவது ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை விடாது பெய்து, வராந்தாக் கொடியில் துணிகள் இரண்டு நாள் தொங்கும் அந்த வாரங்களில், 600 சுற்றுக்கும் 1,000 சுற்றுக்கும் இடையே துணியில் தங்கும் ஒரு லிட்டர் நீர், திங்கட்கிழமை காலையில் பள்ளிச் சீருடை காய்ந்திருக்குமா இல்லையா என்பதை முடிவு செய்கிறது.