வட சென்னைக்குப் படிப்பு ஏறாதா?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னையில் எழுத்தறிவு பெற்றவர்கள் சுமார் 90 சதவீதம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 7 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், அவர் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவார். மூன்றாம் வகுப்போடு நின்றவரும் முதுகலை முடித்தவரும் அங்கே ஒன்றுதான்!

நிஜத்தில் வித்தியாசம் பெரியது. மயிலாப்பூர், அடையாறு பக்கம் தாத்தா காலத்திலிருந்தே பட்டதாரிகள் இருக்கும் வீடுகள் நிறைய. வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் இன்றும் பல வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போவது பிள்ளைகள்தான். இதைப் பார்த்துவிட்டு "அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் படிப்பு ஏறாது" என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு. வரலாறு தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஏனென்றால் நகரின் பழைய கல்லூரிகள் சில பிறந்ததே வடக்கில்தான். கிறித்தவக் கல்லூரிக்கு விதையான பள்ளி 1837-லும், பச்சையப்பன் கல்லூரிக்கு விதையான பள்ளி 1842-லும் இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் தொடங்கின. பிறகு கிறித்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கும், பச்சையப்பன் கல்லூரி 1940-ல் சேத்துப்பட்டுக்கும் போய்விட்டன. வண்ணாரப்பேட்டையில் தியாகராயர் கல்லூரி வந்தது 1950-ல்தான்.

கல்லூரிகள் போயின; மில்லும் துறைமுகமும் ரயில்வே பட்டறையும் இருந்தன. பெரம்பூர் பக்கம் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் மில்களை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்தன. 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானதும் இந்தத் தொழிலாளர்களை வைத்துத்தான். தறி ஓட்டப் பட்டம் தேவையில்லை, கைப்பழக்கம் போதும். 1996-ல் மில் மூடப்பட்டபோது அந்தக் கைப்பழக்கத்துக்கு மதிப்பில்லாமல் போனது. நாற்பது வயதுக்காரரிடம் வேறு வேலைக்குக் காட்ட ஒரு சான்றிதழும் இல்லை.

அப்படியென்றால் தெற்கில் எல்லோரும் படித்தவர்களா? அதுவும் இல்லை. 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்டார்கள். பள்ளி ஓரிடம், புது வீடு வேறிடம் என்றானதில் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் பலர். பக்கத்திலேயே பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்கள். அங்கே இவர்களில் பலருக்குக் கிடைத்தது துப்புரவு வேலையும் காவலாளி வேலையும்தான். அன்று படிப்பை விட்ட பிள்ளைகள் இன்று பெரியவர்கள். அடுத்த கணக்கெடுப்பில் "படிக்காத பெரியவர்கள்" என்று எண்ணப்படப்போவது அவர்களும்தான்.

ஆக, படிப்பு ஒரு பகுதியின் மண்ணில் முளைப்பதில்லை. கல்லூரியை எங்கே கட்டுவது, மில்லை எப்போது மூடுவது, குடிசையை எங்கே மாற்றுவது என்று யாரோ எடுத்த முடிவுகள், முப்பது ஆண்டுகள் கழித்து ஓர் அம்மா வங்கிப் படிவத்தை நிரப்பித் தரச் சொல்லி அடுத்தவரிடம் நீட்டும்போது தெரிகின்றன.