வகுப்பறையிலிருந்து தொழிற்சாலை வாசலுக்கு

1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை. நியூயோர்க் நகரின் வாஷிங்டன் சதுக்கத்துக்கு அருகில், சிநேகிதி ஒருவரின் வீட்டில் தேநீர் அருந்த வந்திருந்தார் பிரான்சிஸ் பேர்கின்ஸ். தீயணைப்பு வண்டிகளின் ஓசை கேட்டு அவரும் மற்றவர்களும் வெளியே ஓடினர். அங்கே பத்துமாடிக் கட்டடமொன்றின் மேல்மாடிகள் எரிந்துகொண்டிருந்தன. யன்னல்களிலிருந்து இளம்பெண்கள் கீழே குதித்துக்கொண்டிருந்தனர்.

எரிந்தது பெண்களின் மேற்சட்டைகளைத் தைக்கும் ‘ட்ரையாங்கிள்’ தொழிற்சாலை. ஒன்பதாம் மாடியில் வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. தீயணைப்பாளரின் ஏணியோ ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. மாண்டவர்கள் 146 பேர். அவர்களுட் பெரும்பாலானோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.

இந்த அவலம் எச்சரிக்கையின்றி வந்ததன்று. 1909 நவம்பரில் இதே தொழிலைச் சேர்ந்த இருபதினாயிரம் பேரளவில் வேலைநிறுத்தம் செய்தனர். கூப்பர் யூனியன் மண்டபத்தில் தலைவர்கள் நீண்டநேரம் பேசிக்கொண்டிருக்க, கிளாரா லெம்லிச் என்ற தையற்தொழிலாளப் பெண் எழுந்து, இத்திஷ் மொழியில் வேலைநிறுத்தத்தை முன்மொழிந்தார். தொழிற்சாலை வாசலில் நின்ற பெண்களைப் பொலிசார் கைதுசெய்தபோது, செல்வந்தர் வீட்டுப் பெண்களும் கல்லூரி மாணவிகளும் வந்து அவர்களோடு நின்றனர். பல முதலாளிகள் இணங்கினர். ட்ரையாங்கிள் உரிமையாளர்கள் தொழிற்சங்கத்தை ஏற்க மறுத்தனர். தீயின் பின் நடந்த வழக்கில், கதவு பூட்டியிருந்ததை அவர்கள் அறிந்திருந்தனர் என்பது நிரூபிக்கப்படவில்லை என அவர்கள் விடுதலையாயினர்.

பேர்கின்ஸ் அன்றைய காட்சியைக் கண்டு கலங்கியதோடு நின்றுவிடவில்லை. அதற்குக் காரணம் அவர் பெற்ற கல்வியே எனலாம். மவுண்ட் ஹொலியோக் மகளிர் கல்லூரியில் விஞ்ஞானம் பயின்ற அவர், வரலாற்றுப் பாடமொன்றையும் எடுத்திருந்தார். அதைக் கற்பித்த ஆசிரியை அன்னா மே சோல், மாணவிகளை அயலிலிருந்த ஆலைகளுக்கு அனுப்பி, அங்குள்ள வேலை நிலைமைகளை நேரிற் பார்த்துவரச் செய்தார். 1902இல் புளோரன்ஸ் கெலி அக்கல்லூரிக்கு வந்து உரையாற்றினார். கெலி, சிக்காகோவில் ஜேன் அடம்ஸ் 1889இல் தொடங்கிய ‘ஹல் ஹவுஸ்’ சமூக இல்லத்தில் வாழ்ந்தவர். இலினோய் மாநிலத்தின் தலைமைத் தொழிற்சாலைப் பரிசோதகராகக் கடமையாற்றியவர். ஒரு சட்டையை வாங்குபவள் அதைத் தைத்தவளுக்கும் பொறுப்புடையவள் என்பதே அவரது தேசிய நுகர்வோர் சங்கத்தின் கொள்கை. நல்ல நிலைமையில் தைக்கப்பட்ட ஆடைகளுக்கு அச்சங்கம் வெள்ளை முத்திரை வழங்கியது.

தீ நடந்தபோது பேர்கின்ஸ் அச்சங்கத்தின் நியூயோர்க் கிளையின் செயலாளராக இருந்தார். அரசு அமைத்த தொழிற்சாலை விசாரணை ஆணைக்குழுவில் அவரும் பணியாற்றினார். சட்டசபை உறுப்பினர்களை அவர் ஆலைகளுக்கே அழைத்துச் சென்றார். அறிக்கையில் வாசித்தால் மறந்துவிடக்கூடியவற்றை அவர்கள் கண்ணாற் காணவேண்டும் என்பது அவர் எண்ணம். தீயணைப்புப் பயிற்சி, வெளியேறும் வழிகள், வேலை நேரம், சிறுவர் உழைப்பு ஆகியன பற்றிப் பல சட்டங்கள் பிறந்தன. 1912இல் பெண்களின் வேலை நேரம் வாரத்துக்கு 54 மணித்தியாலமாக வரையறுக்கப்பட்டது. உணவு தகரத்திலடைக்கும் ஆலைகளின் பெண்களுக்கு அது பொருந்தவில்லை. முழுவதும் கிடைக்கவில்லையே என்று பேர்கின்ஸ் சட்டத்தைக் கைவிடவில்லை. கிடைத்ததைப் பற்றிக்கொண்டு மீதிக்காக உழைத்தார்.

அப்போது நியூயோர்க்கில் பெண்களுக்கு வாக்குரிமை இருக்கவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். அம்மாநிலத்தில் அது 1917இலும், நாடு முழுவதற்குமான அரசியலமைப்புத் திருத்தம் 1920இலும் வந்தன. 1933இல் பேர்கின்ஸ் தொழில் அமைச்சரானார். ஐக்கிய அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண் அவரே. முதியோர் ஓய்வூதியம், வேலையற்றோர் உதவி ஆகியவற்றைத் தந்த 1935ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அவரது உழைப்பின் பெரும்பேறு.

ஆயினும் இச்சீர்திருத்தங்களின் நிழல் எல்லோர்மீதும் விழவில்லை. 1913இல் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தில், ஐடா பி. வெல்ஸ் என்ற கறுப்பினப் பத்திரிகையாளரைத் தம் மாநிலத்தவருடனன்றிப் பின்வரிசையில் நடக்கும்படி கூறினர். அவர் இணங்கவில்லை, இடையிற் புகுந்து இலினோய் அணியுடனேயே நடந்தார். தென்மாநிலங்களிற் கறுப்பினப் பெண்கள் பலர் வாக்களிக்க 1965வரை காத்திருக்க நேர்ந்தது. 1935ஆம் ஆண்டுச் சட்டமும் தொடக்கத்தில் விவசாயத் தொழிலாளரையும் வீட்டுப் பணிப்பெண்களையும் விட்டுவிட்டது. நன்மை செய்ய முன்வந்தோரும் யாரையோ வாசலுக்கு வெளியே நிறுத்திவிடலாம் என்பதும் இவ்வரலாறு தரும் பாடமே.

நம் நாட்டுப் பெண்கள் 1931இல் வாக்குரிமை பெற்றனர். இன்று அமெரிக்கர் அணியும் ஆடைகளிற் பல நம் நாட்டுப் பெண்களின் கைகளால் தைக்கப்படுகின்றன. ஆகவே இது நமக்குத் தூரத்துக் கதையன்று. ஓர் ஆசிரியை தம் மாணவிகளை ஆலை வாசல்வரை அனுப்பினார். அவர்களில் ஒருத்தி அந்த வாசலை மறக்கவில்லை. நம்மையும் அவ்வாறு அனுப்பிய ஆசிரியைகள் இருந்தனர். எங்கு வாழ்ந்தாலும், அவர்கள் காட்டிய வாசலை நாம் மறந்துவிட்டோமா என்று இந்த நூற்றாண்டில் ஒருதரம் நம்மை நாமே கேட்டுக்கொள்வது தகும்.