கல்லூரியும் கரகோஷமும்

அமெரிக்காவில் பல்கலைக்கழகக் கால்பந்தாட்டம் 1869இல் தொடங்கியது. அங்குள்ள மாணவர் பலர், ரசிகர் ஆரவாரத்தையும் எண்ணிப்பார்த்தே பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்கின்றனர். இலங்கையில் அந்த ஆரவாரம் பாடசாலைக்குரியது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் கிரிக்கெட்டில் மோதுகின்றன. 1949இல் தோன்றிய கல்முனை ஸாஹிராவின் பழைய மாணவர், முதுமையிலும் தம்மை ஸாஹிரியன் என்றே சொல்லிக்கொள்வர்.

பல்கலைக்கழகத்தையோ பரீட்சைப் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே பெரிதும் தீர்மானிக்கின்றன. ஒலுவிலில் இயங்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம், போரினால் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கற்கமுடியாமற்போன முஸ்லிம் மாணவரை முன்னிட்டு 1995இல் உருவானது. அன்று எம்மவர் தேடியது, அச்சமின்றி அமர ஓர் இருக்கையை.

இன்று கடல்கடந்து கல்லூரி தேடும் பிள்ளை, மைதானத்தைப் பற்றியும் விசாரித்தால் நான் நகைக்கமாட்டேன். ‘அங்கு நானும் ஒருவனாவேனா?’ என்பதே அக்கேள்வியின் பொருள். ஒலுவிலுக்கு முந்தைய தலைமுறையும் அதையே கேட்டது.