விளக்கும் அடுப்பும்

மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலிலே அமைந்த பிரதேசம் லக்கல – பல்லேகம. அங்கே களுகங்கையை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம் 2018இல் நிரம்பத் தொடங்கிற்று. பழைய லக்கல நகரம் நீரினுள் மறைந்தது. இதன் இணைத் திட்டமாகிய மொறகஹகந்தையில் 25 மெகாவாட் மின்நிலையம் எழுந்தது. ஆற்றுநீரை மின்னாக்கும் இந்நாட்டு முயற்சியில் இஃது ஓர் அத்தியாயம். அம்முயற்சியால் கிராமத்துப் பெண்ணின் உடல்நலம் பெற்ற பயன் யாது? இதுவே இன்றைய நம் வினா.

பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின் வலுவின் பொருளாதாரச் சிறப்பை ஆய்வுரையாக எடுத்துரைத்தார். அவருடைய கனவு 1950இல் லக்ஸபான மின்நிலையமாக நனவாயிற்று. ஆயினும், மலைக் கிராமங்களில் நெடுங்காலம் ஒளி தந்தது மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கே. அது கவிழ்ந்து தீக்காயமுற்றோர் பலர். அவர்களின் துயர் கண்ட சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, எளிதிற் கவிழாத குட்டையான கண்ணாடி விளக்கொன்றை அமைத்து, 1990களில் நாடெங்கும் பரப்பினார்.

அதே காலத்தில் மலையோடைகளில் சிறு நீர்மின் நிலையங்கள் தோன்றின. ஊரவர் சங்கம் அமைத்து அவற்றைத் தாமே நடத்தினர். 1997 முதல் உலக வங்கியின் கடனுதவியும் கிடைத்தது. ஆனால், வீடொன்றுக்குக் கிட்டிய மின்சாரம் சில நூறு வாட்டுக்கு மேற்படவில்லை. அதில் விளக்கு எரியும், வானொலி பாடும், சோறு வேகாது.

பின்னர் தேசிய மின்கம்பிகள் வந்தன. 2016 அளவில் ஏறக்குறைய எல்லா வீடுகளையும் மின்சாரம் எட்டிற்று. எனினும், 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகிலேயே சமைத்தன. கூடத்தில் ஒளி பிறந்தது. அடுக்களையில் புகை நீங்கவில்லை.

அப்புகையின் நுண்துகள்கள் தாயின் நுரையீரலை நலிவிக்கின்றன. கண்ணிற் புரை வளரவும் ஏதுவாகின்றன. மடியிலிருக்கும் மகவுக்கு நிமோனியாவைத் தருகின்றன. வீட்டுப் புகையால் 2020இல் உலகெங்கும் 32 இலட்சம் பேர் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது.

இதற்கு ஒரு மாற்றாக, 1980களில் ‘அனகி’ அடுப்பு உருவாயிற்று. குயவர் களிமண்ணால் வனையும் இவ்வடுப்பிலே ஒரே தீயில் இரு பானைகள் வேகும், விறகும் குறையும். ஆயினும், புகைபோக்கியோ நல்ல காற்றோட்டமோ இன்றேல் புகை முற்றாக அகலாது. 2022இல் எரிவாயு அரிதானபோது நகரத்துப் பெண்களும் விறகடுப்பை நாட நேர்ந்ததை நாம் மறக்கவியலாது.

நேயர்களே, ஒரு நூற்றாண்டுக் காலமாக நாம் விளக்குகளை எண்ணியே முன்னேற்றத்தை அளந்து வந்தோம். இனிப் புகையற்ற அடுப்புகளையும் எண்ணுதல் வேண்டும். தன் ஊரையே நீருக்கு ஈந்த பெண்ணின் அடுக்களையில் புகை நீங்கும் நாளிலேதான் அந்த நீரின் பயன் நிறைவெய்தும்.