டெல்லி டு மதுரை: சின்னப் பிள்ளைகளோடு 2,500 கி.மீ. காரில் போகலாமா? எத்தனை நாள், எவ்வளவு செலவு, எந்த மாதம்?

"ட்ரெயின்ல ஏறுனா ரெண்டு நாள்ல வந்து சேரப் போற. எதுக்குப்பா பிள்ளைகளப் போட்டு இப்படி அலைக்கழிக்கிற?"

டெல்லியிலிருந்து காரில் ஊருக்கு வருகிறோம் என்று சொன்னதும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி இதுதான். நியாயமான கேள்வியும்கூட. சென்னைக்கு என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் சுமார் 33 மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடும். ஆனால் மதுரை, நெல்லை பக்கம் போகிறவர்களுக்கு நேரடி ரயில் வாரத்தில் சில நாட்கள்தான். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. கோடை விடுமுறைக்கு டிக்கெட் எப்படிக் காலியாகும் என்று டெல்லித் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நான்கு பேருக்கு விமான டிக்கெட் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடியவர்களும் நம்மில் உண்டு.

அதனால்தான் ஒவ்வொரு வருடமும் "காரிலேயே போய்விடலாமா?" என்ற பேச்சு வருகிறது. போகலாம். ஆனால் நண்பர்களோடு மூன்று நாளில் ஓட்டிப் போன கணக்கை இங்கே அப்படியே போடக் கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள காரில் ஒரு நாளின் அளவு கிலோமீட்டர் இல்லை, பிள்ளை உட்கார்ந்து தாங்கும் நேரம்தான்.

பாதை எது?

பாதையில் குழப்பமே இல்லை. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடியும் தேசிய நெடுஞ்சாலை 44 டெல்லி வழியாக வருகிறது. ஆக்ரா, குவாலியர், ஜான்சி, சாகர், நாக்பூர், ஹைதராபாத், கர்னூல், அனந்தப்பூர், பெங்களூரு, கிருஷ்ணகிரி, சேலம், திண்டுக்கல் என்று அதைப் பிடித்தபடியே மதுரை வந்துவிடலாம். சற்றே சுற்றி, நின்று போவதைச் சேர்த்தால் 2,500-க்கும் 2,600-க்கும் நடுவில் வரும். உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் வழியில் இரண்டிரண்டு முறை வரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு இது நல்ல விடுகதை. எல்லைப் பலகையை யார் முதலில் பார்ப்பது என்ற போட்டியிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம்?

கைக்குழந்தையைத் தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் இருக்கையில் வைத்திருக்க வேண்டாம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளும் அதற்கு மேல் பொறுக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் ஓட்டினால் அரை மணி நேரம் நிறுத்த வேண்டும். காலை ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் இரண்டு மணிக்குள் அறைக்குப் போய்விட வேண்டும் என்றால், உண்மையில் கார் ஓடும் நேரம் ஆறரை மணி. சராசரி 55 கி.மீ. வேகம் என்று வைத்தால் 350 கி.மீ. வருகிறது. மேப் காட்டும் நேரத்தை நம்பி 600 கி.மீ. போடுகிறவர்கள் மூன்றாம் நாள் காருக்குள் சண்டையோடுதான் முடிப்பார்கள்.

எங்கள் வீட்டில் ஆறு வயதும் மூன்று வயதும். நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி: முதல் நாள் குவாலியர், சுமார் 340 கி.மீ. இரண்டாம் நாள் சாகர், 300. மூன்றாம் நாள் நாக்பூர், 380. நான்காம் நாள் ஹைதராபாத் 500 கி.மீ. இதுதான் ஆக நீளமான நாள். முடியாது என்று தோன்றினால் ஆதிலாபாத்திலோ நிர்மலிலோ பாதியில் தங்கிவிடலாம். ஐந்தாம் நாள் ஹைதராபாத்தில் காரைத் தொடவே இல்லை. ஆறாம் நாள் அனந்தப்பூர், 360. ஏழாம் நாள் கிருஷ்ணகிரி, 300. எட்டாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு மதுரை.

ஓய்வு நாளை "தேவைப்பட்டால் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். பிள்ளைகளுக்கு இல்லாவிட்டாலும், ஓட்டுகிறவருக்கு அது வேண்டும்.

பெங்களூருவைப் பற்றி ஒரு வார்த்தை. அனந்தப்பூரிலிருந்து விடியற்காலை கிளம்பினால் ஹெப்பாலுக்குச் சரியாக ஆபீஸ் நேரத்தில் போய் மாட்டுவீர்கள். வழியில் நெடுஞ்சாலையிலிருந்து சுமார் 15 கி.மீ. விலகினால் லேபாக்ஷி. ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தி. பிள்ளைகள் அங்கே ஓடட்டும். நீங்கள் மதியம் 12 மணிக்கு மேல் நகரத்துக்குள் நுழைந்தால் போதும்.

"ராத்திரி ஓட்டினா பசங்க தூங்கிடுவாங்க" சரியா?

எல்லாரும் தரும் யோசனை இது. தவறான யோசனையும் இதுதான். பிள்ளைகள் தூங்குவார்கள், உண்மை. ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வரும் என்பதும் உண்மை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டு அறிக்கையைப் பாருங்கள். அந்த ஒரு வருடத்தில் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உயிரிழந்தது தேசிய நெடுஞ்சாலைகளில். மொத்தச் சாலை நீளத்தில் அவை சுமார் 2 சதவீதம்தான். விபத்து அதிகம் நடந்த நேரம் மாலை 6 முதல் 9 வரை. விபத்துகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் பின்னாலிருந்து மோதியவை. இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் லாரியை நெடுஞ்சாலையில் ஓட்டிய எல்லாரும் ஒரு முறையாவது பார்த்திருப்போம்.

இரவுப் பயணத்தால் மிச்சமாவது ஒரு நாள் ஹோட்டல் வாடகை. அதற்காக எடுக்க வேண்டிய ரிஸ்க் இது இல்லை.

மடியில் வைத்துக்கொண்டால் போதாதா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு நொடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட இயற்பியலிலேயே கணக்குப் போடலாம். உள்ளே இருக்கும் பொருள் தன் எடையைப் போலச் சுமார் 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். 10 கிலோ குழந்தை அந்த நொடியில் 140 கிலோ. எந்த அம்மாவின் கையும் அதைப் பிடிக்காது. நெடுஞ்சாலை வேகம் இதற்கு இரண்டு மடங்கு.

அதே 2022 அறிக்கையில், சீட் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அதில் 8,331 பேர் ஓட்டுநர் இல்லை, கூட உட்கார்ந்து வந்தவர்கள். 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே இறந்தபோது பின்சீட்டில்தான் இருந்தார், பெல்ட் போட்டிருக்கவில்லை.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட் அல்லது குழந்தை இருக்கை இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். யாரும் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

குழந்தை இருக்கையைச் சரியாகப் பொருத்திப் பயன்படுத்தினால் குழந்தை இறப்புகள் 60 சதவீதமாவது குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கைக்குழந்தை என்றால் முதுகுப் பக்கம் பார்த்து உட்காரும் வகை, எப்போதும் பின்சீட்டில். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை வைக்கவே கூடாது. பின்சீட்டில் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். புது கார் வாங்குகிறவர்கள் பாரத் என்கேப் மதிப்பீட்டில் மொத்த நட்சத்திரத்தை மட்டும் பார்க்காமல், 49-க்குத் தரும் குழந்தைப் பாதுகாப்பு மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே இருக்கையை வாங்கி, நொய்டா, குருகிராம் என்று பக்கத்துப் பயணங்களில் பழக்குங்கள். எங்கள் மூன்று வயதுக்காரி முதல் நான்கு முறை அழுது தீர்த்தாள். ஐந்தாவது முறை தானே ஏறி உட்கார்ந்தாள். அந்த அழுகையை மதுராவைத் தாண்டும்போது கேட்க வேண்டாம் பாருங்கள்.

எந்த மாதம் போகலாம்?

சிக்கலே இங்குதான். டெல்லி அரசுப் பள்ளிகளுக்கு மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை விடுமுறை. ஜான்சியிலிருந்து நாக்பூர் தாண்டும் வரை வெயில் 45 டிகிரியைத் தொடும் நாட்களும் அவைதான். தமிழ்நாட்டில் பள்ளி ஜூன் தொடக்கத்திலேயே திறந்துவிடும் என்பதால், தாமதமாகப் போனால் விளையாட அத்தை பிள்ளைகளும் இருக்க மாட்டார்கள். பொங்கலுக்குப் போகலாம் என்றால் டெல்லியிலிருந்து குவாலியர் வரை மூடுபனி. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் 2025 டிசம்பர் 16 அதிகாலை, மதுரா அருகே பனியில் பேருந்துகளும் கார்களும் ஒன்றன்பின் ஒன்றாக மோதித் தீப்பிடித்ததில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

என் ஓட்டு தசரா விடுமுறைக்கு. வடக்கே மழை முடிந்திருக்கும், பனி தொடங்கியிருக்காது. அக்டோபர் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும் என்பதால் மாதத் தொடக்கமே நல்லது. கோடையைத் தவிர வழியில்லை என்றால் மதியத்துக்குள் அறைக்குப் போகும் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள். ஜனவரி என்றால் பனி விலகும் வரை, பத்து மணியானாலும், கிளம்பாதீர்கள்.

வெயில் காலத்தில் இன்னொன்று. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். "பாப்பா தூங்குது, ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று ஒருபோதும் விட்டுப் போகாதீர்கள்.

செலவு எவ்வளவு?

லிட்டருக்கு 16 கி.மீ. தரும் பெட்ரோல் கார், 2,600 கி.மீ., லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் ஒரு வழிக்கு 16,250 ரூபாய். மாநில வரியால் விலை மாறும். உத்தரப் பிரதேசத்தை விட மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரா, தெலங்கானா, ஆந்திரா எல்லாமே அதிகம். லலித்பூரில் டேங்க்கை நிரப்பிக்கொள்வது டெல்லிக்காரர்களின் பழைய தந்திரம். சிஎன்ஜி கார் வைத்திருப்பவர்கள் வழியெல்லாம் காஸ் கிடைக்கும் என்று நம்பாமல், பெட்ரோல் கணக்கிலேயே பட்ஜெட் போடுங்கள். காஸ் கிடைத்தால் லாபம்.

சுங்கத்துக்கு ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வாங்குவது இந்தப் பயணத்துக்கு நன்றாகவே கட்டுப்படியாகும். 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஒரு வருடம் அல்லது 200 பயணம், எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். ஒரு சுங்கச்சாவடியைக் கடந்தால் ஒரு பயணம். 60 கி.மீ.க்கு ஒரு சாவடி என்ற விதிக்கணக்கில் போக 42, வர 42. மொத்தம் 84 என்று வைத்தால் ஒன்றுக்கு 36 ரூபாய்தான் ஆகிறது, மீதி 116 கையில் இருக்கும். கட்டணம் மாறக்கூடியது, வாங்கும் அன்றைக்கு ராஜ்மார்க்யாத்ரா செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மட்டும்தான். யமுனா எக்ஸ்பிரஸ்வேயும் ஹைதராபாத் வெளிவட்டச் சாலையும் மாநில அமைப்புகளுடையவை. அங்கே வழக்கம்போல ஃபாஸ்டேக்கிலிருந்து பணம் போகும், அதில் இருப்பு வையுங்கள். 2025 நவம்பர் 15-ல் வந்த விதிப்படி, செல்லுபடியாகும் ஃபாஸ்டேக் இல்லாமல் போய் நின்றால் ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு என்று இருந்தது.

வாந்தி, சாப்பாடு, கழிப்பறை

கார் வாந்தி பெரும்பாலும் இரண்டு வயதுக்கு மேல் பன்னிரண்டு வரை. போன் கொடுத்தால் அமைதியாக இருப்பார்கள் என்று கொடுக்கிறோம், அதுவே வாந்தியைக் கூட்டும். ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள், பாட்டும் கதையும் காதில் ஓடட்டும். மாத்திரை வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் இருக்கும் பிரோமெதசின் வகை மருந்துகளை இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரவே கூடாது.

முதல் நாளுக்குப் புளியோதரையும், பொடி தடவிய இட்லியும் தாங்கும். வெயிலில் தயிர்சாதத்தை நம்ப வேண்டாம். ஓஆர்எஸ் பாக்கெட், ஒரு சின்ன மின்சாரக் கெட்டில், கொஞ்சம் அரிசி நொய், உப்பு இருந்தால் எந்த ஊர் அறையிலும் கஞ்சி ரெடி. கழிப்பறைக்கு தாபாவை விட எண்ணெய் நிறுவனங்களே நேரடியாக நடத்தும் பெரிய பெட்ரோல் பங்குகள் மேல். அறை பதிவு செய்யும்போது இரண்டு முறை போன் செய்து உறுதிப்படுத்துங்கள். நாங்கள் ஓர் ஊரில் "குடும்ப அறை" என்று பணம் கட்டிப் போனால், கல்யாண கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டோம் என்று கையை விரித்தார்கள். மதியம் இரண்டு மணி என்பதால் வேறு இடம் தேட நேரம் இருந்தது. இரவு பத்தாக இருந்திருந்தால்?

வழியில் காட்ட என்ன இருக்கிறது? குவாலியர் கோட்டை உண்டு. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது சிவனியிலிருந்து நாக்பூர் போகும் பென்ச் காட்டுப் பகுதிதான். மௌக்லி கதை நடக்கும் காடு அது. மகாராஷ்டிரப் பக்கம் சாலையைத் தூக்கிக் கட்டி, விலங்குகள் அடியில் போக ஒன்பது வழிகள் விட்டிருக்கிறார்கள். புலிகள் அவற்றில் நடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. "இப்ப நமக்குக் கீழ புலி போகுதா?" என்ற கேள்வி நாக்பூர் வரை ஓயவில்லை.

கார் நின்றுவிட்டால்?

தேசிய நெடுஞ்சாலையில் 1033. விபத்தோ வேறு அவசரமோ என்றால் 112. ஆம்புலன்ஸுக்கு 108. கார் பழுதானால் முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் தூரத்தில் வைத்துவிட்டு, பிள்ளைகளோடு காரை விட்டு இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு வெளியே போய் நில்லுங்கள். உரிமம், ஆர்சி எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் எந்த மாநிலத்திலும் செல்லும். புகைச் சான்று தேதி முடிந்திருக்கிறதா என்று டெல்லியிலேயே பார்த்துவிடுங்கள்.

திரும்பி வரும்போது கார் வேறு கார். அரிசி மூட்டை, தேங்காய், ஊறுகாய் ஜாடி, அப்பத்தா கட்டிக் கொடுத்த முறுக்கு டின் என்று பின்னால் 80 கிலோ ஏறியிருக்கும். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று ஓட்டுநர் கதவுப் பக்கச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அட்டையில் இருக்கிறது. மதுரையை விட்டுக் கிளம்பும் முன் டயர் குளிர்ந்திருக்கும்போது அதைப் பார்த்துக் காற்றடியுங்கள். பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் எதையும் இருக்கை உயரத்துக்கு மேல் அடுக்காதீர்கள். சடன் பிரேக்கில் தேங்காயும் பறக்கும்.